புளோர் சைக்கிள் பாதை: கழற்றுவதற்கு முன் ஒருமுறை ஓடிப் பார்த்தேன்

கழற்றப் போகிறார்கள், இல்லை, நீதிமன்றம் தடுத்துவிட்டது, இல்லை, அரசு மேன்முறையீடு செய்யப் போகிறது என்று செய்தி கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், சரி, இருக்கும்போதே ஒருமுறை முழுவதையும் ஓடிப் பார்த்துவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். ரொறன்ரோவின் கிழக்கே விக்டோரியா பார்க்கில் தொடங்கி, டான்ஃபோர்த் வீதி வழியாகப் போய், பாலத்தைத் தாண்டி, புளோர் வீதி நெடுக மேற்கே கிப்ளிங் பக்கம் வரை. 20 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். கொத்துரொட்டிக் கடைக்கு நட்சத்திரம் போடுகிறோம், பல் வைத்தியருக்குக்கூடப் போடுகிறோம். நம் வரிப்பணத்தில் போட்ட பாதைக்கு ஏன் போடக்கூடாது?

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் பேர்ச்மவுண்ட் வீதிக்குக் கிட்ட வீடு, வேலை நகர மையத்தில் ஸ்பாடைனா பக்கம். வீட்டில் கார் இரண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை வாரத்தில் இரண்டு மூன்று நாள் சைக்கிள், மிச்ச நாட்களில் ரயில் அல்லது கார். ஆகவே கார்க்காரரைக் கண்டால் ஆகாத கூட்டத்தில் என்னைச் சேர்க்க முடியாது. சிவப்பு விளக்கில் நிற்காமல் பறக்கும் சைக்கிள்காரனைக் கண்டால் கார்க் கண்ணாடிக்குள் இருந்தபடி நானும் நாலு வார்த்தை சொல்லியிருக்கிறேன்.

விவகாரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2024 ஒக்டோபரில் டக் ஃபோர்டின் ஒன்ராறியோ மாகாண அரசு சட்டமூலம் 212 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நெரிசலைக் குறைத்து உங்கள் நேரத்தை மிச்சம் பிடிப்பது என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. கார் ஓடும் ஒரு லேனை எடுத்துச் சைக்கிள் பாதை போடுவதென்றால் மாநகரசபைகள் இனி மாகாணத்திடம் அனுமதி கேட்க வேண்டும் என்றது. அதோடு ரொறன்ரோவில் ஏற்கெனவே இருக்கிற புளோர், யங், யூனிவர்சிட்டி மூன்று வீதிப் பாதைகளையும் கழற்ற வேண்டும் என்றது. நவம்பர் 25 அன்று அது சட்டமாகிவிட்டது. மாகாண அரசு ஒரு நகரத்து வீதியில் எந்தக் கோடு எங்கே என்று தீர்மானிப்பது, கொழும்பிலிருந்து அமைச்சர் வந்து நல்லூரில் ஒரு ஒழுங்கைக்கு மதகு எங்கே வைப்பது என்று சொல்வது மாதிரித்தான்.

இந்த மூன்று பாதைகளையும் போட 27 மில்லியன் டொலர் போயிருக்கிறது என்றும், கழற்ற 48 மில்லியன் ஆகும் என்றும் மாநகர அதிகாரிகள் கணக்குக் கொடுத்தார்கள். மாகாண முதல்வர் ஃபோர்ட் அந்தக் கணக்கை ஏற்கவில்லை, அது வேறு. ஆனாலும் வாங்கிய விலையைவிடத் திருப்பிக் கொடுக்கும் கூலி அதிகமாக இருக்கும் ஒரு பொருளை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

சரி, ஓட்டத்துக்கு வருவோம்.

டான்ஃபோர்த் பகுதி அந்தச் சட்டத்தின் பட்டியலில் இல்லை, ஆனால் பாதை ஒரே நீட்டு என்பதால் அங்கிருந்து தொடங்கினேன். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் அவசரமாகப் போட்டது. நடைபாதைக்குப் பக்கத்தில் சைக்கிள், அதற்கு வெளியே நிறுத்திய கார்கள், அதற்கும் வெளியேதான் ஓடும் வாகனங்கள். நிறுத்திய கார்களே மதில் மாதிரி நின்று உங்களைக் காக்கின்றன. முதல்தரம் ஓடுபவருக்கு இது விசித்திரமாக இருக்கும். பத்து நிமிடத்தில் பழகிவிடும், பழகிய பிறகு மதில் இல்லாத வீதியில் ஓட மனம் வராது. காலை ஒன்பது மணிக்குக் கிரேக்கக் கடைகள் இன்னும் திறக்கவில்லை, பேக்கரி மட்டும் திறந்து வெண்ணெய் வாசம் வீதி முழுக்க. எனக்கு முன்னால் ஒரு பெண், முன்பக்கம் பெட்டி வைத்த நீளச் சைக்கிளில் இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஒன்றுக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தபடியே ஓடிக்கொண்டிருந்தார். எங்கள் ஸ்காபரோவின் லோரன்ஸ் வீதியில் ஒரு தாய் இப்படி வாழைப்பழம் உரித்துக்கொண்டு ஓடுவதைக் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியாது.

குறை என்றால் முடக்குகள். சிறு வீதிகளின் வாயில் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், சைக்கிள் வரும் கவனம் என்று அர்த்தம். வலப்பக்கம் திரும்பும் கார்க்காரர் அந்தப் பச்சையைப் பார்க்கிறாரா என்றால், ஆறு ஏழு முடக்குகளில் இரண்டு பேர் பார்க்கவில்லை. ஒருவர் என் முன்சில்லுக்கு ஒரு முழம் முன்னால் பிரேக் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கையை விரித்தார், குற்றம் என்னுடையதாம். நிறுத்திய கார்கள் முடக்கு வரைக்கும் நின்றால் திரும்புபவருக்கு உங்களைத் தெரியாது; சில இடங்களில் அந்தக் கடைசி இரண்டு கார் அளவு இடத்தை வெறுமையாக விட்டு மண்தொட்டியோ கம்பமோ வைத்திருக்கிறார்கள், சில இடங்களில் இல்லை. உயிர் போகிற இடம் நடுவீதி இல்லை, இந்த முடக்குத்தான்.

பாலம் எனக்குப் பிடித்த பகுதி. டொன் பள்ளத்தாக்குக்கு மேலால் போகும் பிரின்ஸ் எட்வர்ட் பாலம், 1918இல் திறந்தது. அன்றைக்கு ரொறன்ரோவில் நிலக்கீழ் ரயிலே இல்லை. ஆனால் பின்னால் ஒரு காலத்தில் வரும் என்று கீழே ஒரு தட்டையும் சேர்த்துக் கட்டிவைத்தார்கள், 1966இல் ரயில் வந்து அதே தட்டில் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய 50 வருடம் சும்மா கிடந்த ஒரு தட்டு! இன்றைக்கு யாராவது அப்படி ஒன்றைக் கட்டினால் மறு தேர்தலில் கழற்றிவிடுவார்கள். பாலத்தில் சைக்கிள் பாதை அகலம், காற்று பலம், கீழே நெடுஞ்சாலையில் கார்கள் சனிக்கிழமைக் காலையிலும் ஊர்ந்துகொண்டிருந்தன. அந்த நெடுஞ்சாலையில் சைக்கிள் பாதை கிடையாது என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

யங் வீதியைத் தாண்டி அவெனியூ றோட் வரைக்கும் உள்ள பணக்காரக் கடைத்தெருவில் பாதை வேறு முகம் காட்டுகிறது. சாமான் இறக்கும் வான்கள், ஆள் இறக்கும் வாடகைக் கார்கள், எல்லோருக்கும் ‘ரெண்டே ரெண்டு நிமிசம்’. ஒரு வான் நாலு விளக்கையும் மின்ன விட்டுக்கொண்டு பாதைக்கு நடுவே நின்றது, சாரதி உள்ளே இல்லை. அதைச் சுற்றிப் போகவேண்டுமென்றால் வாகனங்கள் ஓடும் லேனுக்குள் இறங்க வேண்டும். நான் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடைபாதையால் போனேன். அதற்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜூலையில் இந்த இடத்துக்குக் கிட்டத்தான் 24 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். சைக்கிள் பாதையில் கட்டிட வேலைக்காரர் வைத்திருந்த பெரிய இரும்புக் குப்பைத்தொட்டியைச் சுற்றப்போய் வெளியே இறங்கியவர், மண் ஏற்றும் லொறியில் அடிபட்டார். பாதை இருந்த வீதியில், பாதை அடைபட்டிருந்த இடத்தில் போன உயிர். பாதை வேண்டாம் என்பவர்கள் ‘பாதை இருந்தும் செத்தார்தானே’ என்று இதைச் சொல்கிறார்கள், வேண்டும் என்பவர்கள் ‘பாதையை மறித்ததால் செத்தார்’ என்கிறார்கள். அந்த இடத்தில் வானுக்குப் பின்னால் கால் ஊன்றி நின்று பார்த்தால் எது சரி என்று கேட்கத் தேவையே இருக்காது.

அவெனியூ றோட்டிலிருந்து ஷா வீதி வரை உள்ள 2.4 கிலோமீற்றர்தான் இந்தப் பாதையின் தாய்வீடு. 2016 ஓகஸ்டில் பரீட்சார்த்தமாகப் போட்டார்கள். ஒரு வருடம் அளந்து பார்த்ததில் சைக்கிள் ஓட்டம் 49 வீதம் கூடியிருந்தது, 2017இல் நிரந்தரமாக்கினார்கள். கடைக்காரர்கள் பயந்தது நியாயம், பார்க்கிங் போனால் வியாபாரம் போகும் என்று யாருக்குத்தான் பயம் வராது. ஆனால் பாதை வருவதற்கு முன்பே, 2009இல், இதே பகுதியில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது: கடைக்கு வருபவர்களில் காரில் வருபவர் பத்தில் ஒருவர்தான். கடைக்காரர்களோ அதைவிடக் கூடுதல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஏனென்றால் காரில் வருபவர் பார்க்கிங் கிடைக்கவில்லை என்று கல்லாவில் நின்று புறுபுறுப்பார். நடந்து வருபவர் பேசாமல் பாண் வாங்கிக்கொண்டு போய்விடுவார். புறுபுறுப்பவர்தான் முதலாளிக்கு நினைவில் நிற்பார்.

செயின்ட் ஜோர்ஜ் சந்தியில் அண்மையில் செய்த வேலையைப் பார்க்கவேண்டும். பாதையை உயர்த்தி, மூலைகளில் கொங்கிறீற்றில் சிறு தீவுகள் கட்டி, திரும்பும் கார் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும் என்ற மாதிரிச் செய்திருக்கிறார்கள். டான்ஃபோர்த்தில் என் முன்சில்லைத் தொடவந்த அந்த மனிதர் இங்கே அப்படித் திரும்பவே முடியாது. பெயிண்டுக்கும் கொங்கிறீற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு சந்தியில் பத்து நிமிடம் நின்றால் படிக்கலாம், நான் கோப்பி ஒன்றை வாங்கிக்கொண்டு நின்றேன். இந்தப் பகுதிக்கு 5க்கு 4.5. அரை மதிப்பெண்ணை ஏன் வெட்டினேன் என்றால், வேலைநாள் மாலையில் இங்கே சைக்கிளுக்கே நெரிசல். மின்சாரச் சைக்கிளில் உணவு கொண்டுபோகும் பொடியங்கள் இரு பக்கமும் முந்துகிறார்கள், மணி அடிக்கிற பழக்கம் ஒருவருக்கும் இல்லை. அவர்களையும் திட்ட மனம் வரவில்லை, பாதி முகங்கள் எங்கள் பக்கத்து முகங்கள், நேரத்துக்குக் கொண்டுபோகாவிட்டால் அவர்களுக்கு நட்சத்திரம் வெட்டுவார்கள். இந்த நகரத்தில் சைக்கிள் பாதை என்றால் இறுக்கமான உடுப்புப் போட்ட வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு பாதர்ஸ்ட் சந்தியில் வந்து நின்று பாருங்கள், அது யாருடைய வேலைத்தலம் என்று தெரியும்.

அதற்குப் பிறகு ஹை பார்க் வரை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல பாதை, ஆங்காங்கே கம்பம் முறிந்து கிடக்கிறது. ஜேன் தாண்டி ஹம்பர் ஆற்றுக்கு இறங்கும் இறக்கம் சுகம், மற்றப் பக்கம் ஏறும்போது நாக்கு வெளியே வரும்.

ஏறி முடிந்த இடத்தில்தான் சண்டையின் மையம் தொடங்குகிறது. ரன்னிமீட்டுக்கு மேற்கே எற்றோபிக்கோவுக்குள் போகும் நீட்டல் 2023இல் தொடங்கிப் போட்டது. ஃபோர்ட் குடும்பத்தின் சொந்த ஊர் அது. இங்கே வீதி அகலம், வீடுகள் தள்ளித் தள்ளி, ஆட்கள் காரில்தான் போய்ப் பழகியவர்கள். ஐலிங்டன் வரைக்கும் நான் எண்ணினேன், என்னைத் தவிர ஒன்பது சைக்கிள். பக்கத்தில் கார்கள் ஒற்றை லேனில் வரிசையாக நின்றன. ஒரு சாரதி வெறுமையான பாதையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் அநியாயம் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் நான் காருக்குள் இருந்திருந்தால் எனக்கும் அதே பார்வைதான். ஆகவே இந்தப் பகுதிக்கு 3. பாதையின் தரத்துக்கு அல்ல, தரம் பரவாயில்லை. ஆட்கள் வருவதற்கு முன் கடையைத் திறந்துவிட்டு, வருவதற்கான விளம்பரமும் செய்யாமல் விட்டதற்கு. கிப்ளிங்கோடு பாதை முடிந்துவிடும், அங்கிருந்து வடக்கே தெற்கே போவதென்றால் உங்கள் விதி. நடுவில் மட்டும் பாலம் கட்டி இரண்டு கரையிலும் படி வைக்காத மாதிரி.

இங்கே பரவிய ஒரு கதையையும் சொல்லவேண்டும். சைக்கிள் பாதையால் தீயணைப்பு வண்டி வரத் தாமதம், ஆள் செத்துப்போகும் என்று. நகரத் தீயணைப்புத் துறையின் தலைவரே முன்வந்து, புளோர் மேற்கில் தங்கள் வண்டிகள் போய்ச்சேரும் நேரம் கெடவில்லை என்று சொன்னார். கதை நின்றதா? இல்லை.

அன்றிரவு ஒரு பிறந்தநாள் வீட்டில் என் நண்பனிடம் இதைச் சொன்னேன். அவன் பன்னிரண்டு வருடமாக வாடகைக் கார் ஓடுபவன், வீதியைப் பற்றி அவன் சொல்வதை நான் தட்டிக்கழிப்பதில்லை.

“மச்சான், நீங்கள் பத்துப்பேர் சைக்கிளில போறதுக்கு நாங்கள் ஆயிரம்பேர் நிக்கவேணும் எண்டால் அது என்ன நியாயம், சொல்லு பாப்பம்.”

“உன்ர ஆயிரம் பேரில எண்ணூறு பேர் காருக்கு ஒராள்தானே இருக்கினம்.”

“இருக்கட்டும். பனிக்குள்ள ஆரடா சைக்கிள் ஓடுறது? ஆறு மாசம் சும்மா கிடக்கிற பாதைக்கு எங்கட லேனைப் பிடுங்கிக் குடுக்கிறதோ?”

பனி பற்றிய கேள்விக்கு நேர்மையான பதில்: ஜனவரியில் நானும் ஓடுவதில்லை, கலப்பை தள்ளும் பனி கடைசியில் சைக்கிள் பாதையில்தான் குவிகிறது, அது உருகி உறைந்தால் கண்ணாடி. ஆனால் ஓடுபவர்கள் இருக்கிறார்கள், உணவு கொண்டுபோகும் பொடியங்கள் மைனஸ் பதினைந்திலும் ஓடுகிறார்கள். வாடகைச் சைக்கிள் கணக்கைப் பார்த்தால் இந்த நகரத்தில் 2024இல் மட்டும் ஏறக்குறைய 70 லட்சம் ஓட்டம். அதை நடத்துவது யார் தெரியுமோ, மாநகரத்தின் பார்க்கிங் ஆணையம். கார் நிறுத்தக் காசு வாங்குபவர்களே சைக்கிளும் வாடகைக்கு விடுகிறார்கள். இதைச் சொன்னபோது அவனும் சிரித்துவிட்டான்.

மாகாண அரசு தன் பங்குக்கு 1.2 வீதம் என்ற ஒரு எண்ணைக் கையில் வைத்திருந்தது, சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் அவ்வளவுதானாம். எங்கள் பேர்ச்மவுண்டையும் சேர்த்து எல்லா இடத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அப்படித்தான் வரும். கடலே இல்லாத ஊர்களையும் சேர்த்துக்கொண்டு எத்தனைபேர் மீன் பிடிக்கிறார்கள் என்று கேட்கிற கணக்கு அது.

என் நண்பனுக்கு நான் சொன்ன முக்கியமான பதில் அதுவல்ல. எங்கள் ஸ்காபரோவில் கழற்றிப் பார்த்தாயிற்று, ஒருமுறை அல்ல. இது எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாது. பேர்ச்மவுண்ட் வீதியில் சைக்கிள் பாதை இருந்தது, ஃபார்மசி அவெனியூவில் இருந்தது. 2011இல், டக் ஃபோர்டின் தம்பி ரொப் ஃபோர்ட் மேயராக இருந்த காலத்தில், நகரசபை வாக்கெடுத்து இரண்டையும் எடுத்தது. அதே தீர்மானத்தில்தான் நகர மையத்து ஜார்விஸ் வீதிப் பாதையும் போனது. ஜார்விஸுக்கு ஊர்வலம் போனார்கள், 2012 இறுதியில் பெயிண்ட் அழிக்கும் வண்டிக்கு முன்னால் ஆட்கள் வீதியில் குந்தினார்கள், படம் எல்லாம் வந்தது. பேர்ச்மவுண்டுக்கு ஒருவரும் குந்தவில்லை. பிறகு 2020இல் பிரிம்லி வீதியில் ஒன்று போட்டார்கள், அந்த வருட முடிவிலேயே அதுவும் போய்விட்டது.

சரி, கழற்றி என்ன கண்டோம்? பேர்ச்மவுண்டில் நான் அடிக்கடி காரில் போகிறவன், மாலை ஐந்து மணிக்கு எக்லிண்டனில் மூன்று தரம் விளக்கு மாறும்வரை நிற்பேன். கென்னடி, லோரன்ஸ், மார்க்கம் வீதி, எங்கேயும் சைக்கிள்காரன் லேன் பிடித்து நிற்கவில்லை, சில இடங்களில் ஆறு லேன், ஆனாலும் அசைவதில்லை. எக்லிண்டன் ரயிலுக்கு 2011இல் கிண்டத் தொடங்கியது, 2020இல் ஓடும் என்றார்கள், 2025 முடியும்வரை ஓடவில்லை. அந்த வேலிகளும் கூம்புகளும் தின்ற லேன்களை யாராவது எண்ணினார்களா? சைக்கிள் பாதை இல்லாத வீதி எவ்வளவு வேகமாக ஓடும் என்று அறிய ஆராய்ச்சி தேவையில்லை. ஸ்காபரோவுக்கு வந்து என் காரில் ஏறினால் போதும், தேத்தண்ணி நான் வாங்கித் தருகிறேன்.

நண்பன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது சரி, ஆனா எங்களுக்கு இல்லாததை அவங்களுக்கு மட்டும் ஏன்?” என்றான். இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. நகர மையத்தில் வீடு வைத்திருப்பவருக்கு பாதை, ரயில் எல்லாம் வாசலில். இரண்டு வேலை பார்த்துக்கொண்டு ஸ்காபரோவில் இருப்பவருக்கு பஸ்ஸும் நெரிசலும். புளோர் பாதையைக் கழற்றினால் அவனுக்கு ஒரு நிமிடம்கூட மிஞ்சப்போவதில்லை, ஆனால் கழற்றுவார்கள் என்று கேட்கும்போது ஒரு திருப்தி வருகிறது. அரசியல்வாதிக்கு அந்தத் திருப்தி போதும், நெரிசல் குறையவே தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் பெற்றோல் வராத தொண்ணூறுகளை நினைத்துக்கொண்டேன். ஊரே சைக்கிளில்தான் ஓடியது. அப்பா என்னை முன் பாரிலும் தங்கச்சியை கரியரிலும் வைத்து, ஹாண்டிலில் விறகுக்கட்டு வேறு, கோண்டாவிலிலிருந்து உழக்குவார். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லமாட்டேன், வேறு வழி இல்லாமல் உழக்கியது. ஆனால் சைக்கிள் என்றால் ஏழைக்கு என்றோ பொழுதுபோக்குக்கு என்றோ அங்கே ஒருவரும் பிரிக்கவில்லை, டாக்டரும் உழக்கினார், தோட்டக்காரரும் உழக்கினார். அப்படி உழக்கி வந்த தலைமுறை இங்கே கார் வாங்கியதும் சைக்கிளைக் கண்டால் முகம் சுளிப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் சுடவும் செய்கிறது.

நீதிமன்ற விஷயம். சைக்கிள் அமைப்பான ‘சைக்கிள் டொரான்டோ’வும் இரண்டு சைக்கிள் ஓட்டிகளும் வழக்குப் போட்டார்கள். 2025 ஏப்ரலில் தீர்ப்பு வரும்வரை கைவைக்கக்கூடாது என்று தடை, ஜூலை 30 அன்று நீதிபதி போல் ஷாபஸ் தீர்ப்பு. பாதைகளைக் கழற்றுவது உயிருக்கும் உடலுக்கும் உள்ள பாதுகாப்பைப் பறிக்கிறது, அரசியலமைப்பின் உரிமைச் சாசனம் ஏழாம் பிரிவுக்கு முரண் என்றார். நெரிசல் குறையும் என்ற சொல்லுக்கு ஆதாரம் இல்லை, அரசு அமர்த்திய நிபுணர்களின் ஆலோசனையே மறுபக்கம் நிற்கிறது என்பதும் அதில் வருகிறது. சைக்கிள் பாதை உங்கள் அடிப்படை உரிமை என்று அவர் சொல்லவில்லை, இதைக் கவனியுங்கள், பலர் அப்படித்தான் விளங்கிக்கொண்டார்கள். இருக்கிற பாதுகாப்பை, ஆள் சாவான் என்று தெரிந்தும், காரணமில்லாமல் பிடுங்கக்கூடாது என்றுதான் சொன்னார். அரசு மேன்முறையீட்டுக்குப் போனது. 2025 இறுதியில் சட்டமூலம் 60 வந்து, புதிதாகச் சைக்கிள் பாதைக்காகக் கார் லேனை எடுப்பதற்கே மாநகரசபைகளுக்குத் தடை போட்டது.

என்னை இதில் எல்லாவற்றையும்விட உறுத்தியது ஒரு சின்னச் சங்கதி. சட்டமூலம் 212 நிறைவேறுவதற்குச் சில நாட்களுக்கு முன் ஒரு திருத்தம் சேர்த்தார்கள்: பாதை கழற்றிய பிறகு அங்கே சைக்கிள்காரர் அடிபட்டாலோ செத்தாலோ மாகாண அரசின்மேல் நட்டஈட்டு வழக்குப் போட முடியாது. ஒரு கடைக்காரர், இந்த மாற்றத்தால் ஒன்றும் நடக்காது, பயப்படாதே என்று சொல்லிக்கொண்டே உங்களிடம் ‘நடந்தால் உங்களைக் கேட்கமாட்டேன்’ என்று கையெழுத்து வாங்கினால் நீங்கள் அந்தச் சாமானை வாங்குவீர்களா?

மொத்த மதிப்பெண்: 5க்கு 3.5. முடக்குகளைக் கொங்கிறீற்றால் திருத்தினால் 4 போடுவேன். பாதையில் நிற்கும் வான்களுக்கு உண்மையாகவே தண்டம் எழுதினால் 4.5. டான்ஃபோர்த் முடிகிற இடத்தில் நிற்காமல் எங்கள் பக்கத்துக்கும் ஒன்று நீளுமென்றால் மிச்ச அரையையும் தருவேன், ஆனால் சட்டமூலம் 60க்குப் பிறகு அந்த அரை என் பொக்கெற்றில்தான் இருக்கும்.

ஓடிப் பார்க்க விரும்புபவர்களுக்கு: சனி ஞாயிறு காலை எட்டு மணிக்கு முன் வெளிக்கிடுங்கள், அவெனியூ றோட் கடைத்தெருவை பத்து மணிக்கு முன் தாண்டிவிட்டால் வான்காரர்களிடமிருந்து தப்பலாம். மணி ஒன்று பூட்டுங்கள், பின்னுக்குச் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். சொந்தச் சைக்கிள் இல்லாவிட்டால் வாடகைச் சைக்கிளின் வருடச் சந்தா 2024இல் 105 டொலராக இருந்தது, அந்தச் சந்தாவில் ஒரு ஓட்டம் 30 நிமிடத்துக்குள் இருக்கவேண்டும், ஆகவே முழுத் தூரத்துக்கும் இடையில் இரண்டு மூன்று தரம் மாற்ற வேண்டிவரும். வார இறுதியில் நிலக்கீழ் ரயிலில் சைக்கிளை ஏற்றலாம், வேலைநாள் காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் விடமாட்டார்கள். இன்னொன்று, இந்த நகரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வரும். ரயிலில் கிப்ளிங்குக்குப் போய் அங்கிருந்து கிழக்கே ஓடி வாருங்கள், காற்றே பாதி வழி தள்ளிக்கொண்டு வரும். நான் யோசிக்காமல் எதிர்ப்பக்கமாக வெளிக்கிட்டு, ஹம்பர் ஏற்றத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போனேன். அந்தச் சாரதி பார்த்த பார்வையில் பாதி அதற்காகவும் இருக்கலாம்.